முதல் ரீடிங்

பீம் இன்னும் வரலை. வாரப்போ வரட்டும், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை. கண்ட்ரோல் ரூம் ஏசி எப்பவும்போல எலும்பு வரைக்கும் போகுது. வெளிய சித்திரை வெயில் மண்டையைப் பொளக்குது, உள்ள ஆபரேட்டர் எபினேசர் ஸ்வெட்டர் போட்டு உக்காந்து டீயை ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டு ரெண்டு ஸ்கிரீனையும் மாறி மாறிப் பாக்காரு. இடது பக்கம் பழசு, கறுப்புல பச்சை எழுத்து, குண்டுப் பெட்டி, ஒரு மூலை எரிஞ்சு பழுப்பாப் போனது. வலது பக்கம் புதுசு, என் குரூப்புல இருக்குற நஸ்ரினும் அவ கூட்டாளிகளும் எழுதினது, கண்ணைப் பறிக்குற கலரு. பூமிக்குக் கீழ வளையமா ஒரு குழாய் ஓடுது. அதுல இருக்குற காத்தை எல்லாம் உறிஞ்சி வேக்குவம் ஆக்கிட்டு, தலைமுடியை விட மெல்லிசா எலக்ட்ரான் கத்தையை உள்ள விட்டுச் சுத்த விடுதோம். அதைத்தான் பீம்னு சொல்லுதது. அது குழாய்க்கு நட்ட நடுவுல போகணும், கொஞ்சம் ஒதுங்கினாலும் சுவத்துல இடிச்சுச் செத்துரும். நடுவுல போகுதா, ஒதுங்கிப் போகுதான்னு இத்தனை வருசமாப் பாத்துச் சொன்னது இந்தப் பழைய புரோகிராம். இன்னைக்கு மத்தியானத்தோட அதுக்கு ஓய்வு. அதை எழுதினவங்க வீட்டுல இருக்காங்க. என் வீட்டுக்காரங்க. காலையில என்னைப் பாத்து 'யாரும்மா நீங்க'ன்னு கேட்டாங்க. அது ஒண்ணும் புதுசு இல்லை, தினமும் முழிச்ச உடனே கேக்குறதுதான். அதைக் கணக்குல எடுக்கக் கூடாது. அது முதல் ரீடிங். முதல் ரீடிங்கைத் தள்ளிரணும், ரெண்டாவதைத்தான் எடுக்கணும். ரெண்டாவது. ரெண்டாவதைப் பத்தி இப்போ நினைக்க வேண்டாம். "மேடம், வேக்குவம் இறங்கிக்கிட்டு இருக்கு, இன்னும் கொஞ்ச நேரம்"ங்காரு எபினேசர். இறங்கட்டும். நான் எங்க போகப்போறேன்.

நான் இங்க சேந்த புதுசுல இப்படித்தான், பீம் வரட்டும்னு இதே இடத்துல காத்துக்கிடந்தேன். அப்போ நான் டிரெய்னி. ஆவுடையப்பன் சார் ஷிப்ட் இன்சார்ஜ். ஆமா, அப்போ எனக்கு அவங்க சார். பீம் உள்ள வந்ததும் குழாய்ல பதிச்ச ஒரு மானிட்டர் எகிறிச்சு, பீம் சுவத்தை ஒட்டிப் போகுதுன்னு காட்டுது, நான் டப்புனு சிவப்பு பட்டனை அமுக்கிட்டேன். மொத்த மெஷினும் நின்னுபோச்சு. அந்தப் பக்கம் பரிசோதனைக்குக் காத்திருந்த விஞ்ஞானிங்க எல்லாம் காச்சுமூச்சுன்னு கத்திக்கிட்டு வாராங்க. நான் மூலையில நின்னு அழுதுட்டேன். சார் திட்டலை. சிரிச்சாங்க. "முதல்ல வாரதை நம்பாதீங்கம்மா, அது தூக்கக் கலக்கத்துல உளறும். ரெண்டாவது என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு, அதுக்கு மேல பதறணும்னா நிம்மதியாப் பதறுங்க." நிம்மதியாப் பதறுங்கன்னு சொன்ன ஆளு அவங்க. விசயம் என்னன்னா, குழாய்ல ஒவ்வொரு மானிட்டர் இருக்குற இடத்துலயும் சுத்தி நாலு பொத்தான் பதிச்சிருக்கும். பீம் எந்தப் பொத்தானுக்குப் பக்கத்துல போகுதோ அதுல சிக்னல் கூட வரும், அதை வச்சுக் கணக்குப் போட்டா பீம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுரும். ஆனா நாலு பொத்தானுக்கும் சேத்து ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர். அது மாத்தி மாத்தி ஒவ்வொண்ணா வாசிக்கணும். சும்மா கிடந்துட்டு முழிக்கும்போது அதுக்குள்ள முந்தி இருந்ததோட மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனால முதல்ல சொல்லுதது பொய். அவங்க அதைப் புரோகிராம்லயே எழுதி வச்சுட்டாங்க, எப்போ பீம் வந்தாலும் முதல்ல வாரதைத் தூக்கிப்போடு, ரெண்டாவதுல இருந்து காட்டு. அதுக்கு அப்புறம் ஒரு டிரெய்னியும் அழலை.

இந்த ரூம்ல அது ஒரு பேச்சாவே போச்சு. லீவு கேக்கப் போனவன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தா, "விடுடே, முதல் ரீடிங், சாயங்காலம் போய்க் கேளு"ம்பாங்க. கேண்டீன்ல காலையில போடுற முதல் டீயை யாரும் வாங்க மாட்டோம். எபினேசருக்கு அவரு பையனோட பத்தாவது ரிசல்ட்டைத் தப்பாச் சொல்லிட்டாங்க, மனுசன் இடிஞ்சுபோய் உக்காந்திருக்காரு, எங்க சார் போய், "எபினேசர், ரெண்டாவது என்ன?"ன்னு கேட்டாங்க. ரெண்டாவது தடவை பாத்தா பையன் பாஸ். சார் என்னைக் கட்டிக்கிடுறியான்னு கேட்டப்போகூட அதே கதைதான். நான் மாட்டேன்னேன், சொன்ன பிறகு எனக்கே படபடன்னு வருது, எதுக்குடி மாட்டேன்னு சொன்னேன்னு. சார் கொஞ்சமும் அசரலை. "சரி, முதல் ரீடிங்தானே"ன்னு டிஃபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் வந்து, "ரெண்டாவது என்ன?" அட, ஒரு பொண்ணுகிட்ட இப்படியா கேப்பாங்க. நான் சிரிச்ச சிரிப்புல சரின்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. அந்தச் சிரிப்பு இப்போ நெஞ்சுல எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்கு, மேலயும் வரமாட்டேங்குது, கீழயும் போகமாட்டேங்குது. "மேடம், சாப்பிட்டீங்களா?"ன்னு நஸ்ரின் கேக்கா. காயல்பட்டினத்துப் பொண்ணு, யாரைப் பாத்தாலும் முதல்ல சாப்பாட்டைத்தான் கேப்பா. சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன். சாப்பிடலை. சட்னி அரைச்சது அரைச்சபடி மிக்ஸியிலயே கிடக்கு.

இந்த மறதி எப்போ ஆரம்பிச்சதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. டாக்டர்கள் எல்லாம் அதைத்தான் கேக்காங்க, எப்போல இருந்தும்மா. பால் வாங்கப் போய்ப் பால் பூத்துல நின்னு எதுக்கு வந்தோம்னு யோசிச்சதா? ஒரே கதையை ஒரே சாப்பாட்டு நேரத்துல திரும்பச் சொன்னதா? அம்பத்தஞ்சு வயசு கூட ஆகலை அப்போ. இந்த வயசுலயான்னு எல்லாரும் கேட்டாங்க, ஆமா இந்த வயசுலதான், என்ன செய்யச் சொல்லுதீங்க. தான் எழுதின புரோகிராமையே ஒருநாள் ஸ்கிரீன்ல வச்சுக்கிட்டு, "ஏளா வடிவு, இதை யாரு எழுதினது, நல்லா எழுதியிருக்கான்"னாங்க. நான் கேலி பண்ணுதாங்கன்னு நினைச்சுச் சிரிச்சுட்டேன். அந்த வருசமே வேலையை விட்டுட்டாங்க. பகல்ல செண்பகம் வந்து பாத்துக்கிடுதா, சாயங்காலம் நான் போயிருவேன். காலையிலதான் கஷ்டம். கண்ணைத் திறந்து என்னைப் பாப்பாங்க, பாவம், பயந்துபோய்ப் பாப்பாங்க, யாரோ ஒரு பொம்பளை பக்கத்துல படுத்திருக்காளேன்னு. "யாரும்மா நீங்க?" முதல் தடவை கேட்டப்போ நான் குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டு உக்காந்து அழுதேன். அழுது முடிச்சு வந்து காப்பியைக் கொண்டுபோய் வச்சேன், ஒரு வாய் குடிச்சுட்டு, "ஏளா, சீனி போட மறந்துட்டியா?"ன்னாங்க. ஏளா! அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. ஊருல எல்லாப் புருசனும் பொண்டாட்டியைக் கூப்பிடுற வார்த்தைதான், எங்க அம்மாவை எங்க அப்பா கூப்பிட்டது, அதுல என்ன இருக்கு. ஆனா வேற யாரையும் அவங்க அப்படிக் கூப்பிட மாட்டாங்க. அப்போதான் எனக்கு விளங்குச்சு, ஓகோ, இது முதல் ரீடிங், தூக்கக் கலக்கம், மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுல இருந்து வேணும்னே காப்பியில சீனி போட மாட்டேன். அழ மாட்டேன், பதில் சொல்ல மாட்டேன், காப்பியை வச்சுட்டு ஜன்னல் திரையை விலக்கிவிட்டு நிப்பேன். ஏளான்னு வந்துரும். அதுக்கு அப்புறம் அன்னைக்கு முழுக்க நான் ராணி.

காலையில சீனி போடாமத்தான் வச்சேன். திரையை விலக்கினேன். எதிர்வீட்டுல துணி காயப் போடுதாங்க, அதையே பாத்துக்கிட்டு நின்னேன். குடிக்கிற சத்தம் கேட்டுச்சு. இன்னொரு வாய். டம்ளரை வைக்கிற சத்தம். திரும்பினேன். சிரிக்காங்க. நல்ல சிரிப்பு, விருந்தாளியைப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு. "காப்பி ரொம்ப நல்லா இருக்குங்கம்மா. ரொம்ப நன்றி." கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு காப்பிக்கு நன்றி சொன்னது கிடையாது அந்த மனுசன். சொல்லியிருந்தா நான் டம்ளரைத் தூக்கி எறிஞ்சிருப்பேன், என்ன நக்கலான்னு. நான் குரலை மாத்தாம, "சீனி போடலையே"ன்னேன். "பரவாயில்லைங்க, எனக்குச் சீனி ஆகாது"ன்னாங்க. பொய். சீனி டப்பாவை ஒளிச்சு வைக்க வேண்டியிருக்கு எனக்கு. கூச்சப்பட்டுச் சொன்ன பொய், அடுத்த வீட்டுல போய்ச் சொல்லுவோமே, அந்த மாதிரி. சரி, ரெண்டாவதும் கலங்கியிருக்கும்னு மூணாவது பாத்தேன். பக்கத்துல போய் உக்காந்து கையைப் பிடிச்சேன். மெதுவாக் கையை உருவிக்கிட்டாங்க. மரியாதையா உருவிக்கிட்டாங்க, எனக்கு மனசு நோகாம. "என் வீட்டம்மா இப்போ வந்துருவா"ன்னாங்க. அதுக்கு அப்புறம் நான் எப்படிச் சேலை கட்டினேன், எப்படிச் செண்பகத்துகிட்டச் சாவியைக் கொடுத்தேன், எப்படிப் பஸ் ஏறினேன், ஒண்ணும் ஞாபகம் இல்லை.

அபிகிட்ட இன்னும் சொல்லலை. அபி எங்க மக, கோயம்புத்தூர்ல இருக்கா, காலேஜ்ல வேலை. அவ வீட்டுக்குப் பக்கத்துலயே இந்த மாதிரி ஆட்களைப் பாத்துக்கிடுற இல்லம் ஒண்ணு இருக்கு, தோட்டம், நர்சு, எல்லாம் சுத்தமா. போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன், குறை சொல்ல முடியாது. ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கா, அவங்களும் எத்தனை நாள் சும்மா வச்சிருப்பாங்க. "அம்மா, நீயும் மனுசிதானே, ராத்திரி தூங்குதியா, உன் மூஞ்சியைக் கண்ணாடில பாத்தியா?"ன்னு சண்டை போட்டா. நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, "என்னை அடையாளம் தெரியுற வரைக்கும் அப்பா வீட்டுலதான் இருப்பாங்க, தெரியாமப் போற அன்னைக்கு நானே கூட்டிக்கிட்டு வாரேன்"னு சொல்லிட்டேன். சத்தியம் பண்ணாத குறை. அதுல இருந்து தினமும் போன்ல அவ கேக்குற முதல் கேள்வி, "அம்மா, இன்னைக்கு அப்பாவுக்கு உன்னைத் தெரிஞ்சுதா?" இன்னைக்கு அவ பேரு ஸ்கிரீன்ல வந்து வந்து போகுது, நான் எடுக்கலை. எந்தப் பைத்தியக்காரியாவது புருசனுக்கு லிமிட் வைப்பாளா? நான் வச்சேன். காலமெல்லாம் லிமிட் வைக்கிறதுதானே என் பொழப்பு, இதுக்கு மேல போனா மணி அடி, அதுக்கு மேல போனா நிறுத்திரு. ஒரு நாள் காலையை வச்சு முடிவு பண்ணலாமா? ஒரு நாள் தூக்கம் சரியில்லாம இருந்திருக்கும். நேத்து சளி மாத்திரை கொடுத்தேன், அதுவா இருக்கும். ஆமா, மாத்திரைதான். இல்லைன்னா நான் புதுச் சேலை கட்டியிருந்தது. காலையில ஏது புதுச் சேலை, நைட்டியில நின்னேன். ஐயோ, என்னென்ன காரணம் தேடுதேன் பாரு.

"பீம் வருது"ன்னாரு எபினேசர். வந்துச்சு. வந்த சுருக்குல செத்துச்சு. மணி அடிக்குது. திரும்ப விட்டோம், திரும்பவும் செத்துச்சு. புது ஸ்கிரீன்ல ஒரு குறையும் காட்டலை, எல்லாம் பச்சை, ஆனா பீம் இல்லை. எதுவுமே தப்பா இல்லைன்னு சொல்லிக்கிட்டே செத்துப்போற பீமை நான் இப்போதான் பாக்கேன். விஞ்ஞானிங்க பக்கத்துல இருந்து போன் வருது, எபினேசர் "ரெண்டே நிமிசம் சார்"னு வாய்க்கு வந்ததைச் சொல்லுதாரு. நஸ்ரின் கீபோர்டுல தட்டுறதை நிறுத்திட்டு என்னையே பாக்கா. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, எனக்கும் தெரியும், சொல்ல அவளுக்குத் தயக்கம். ஏன்னா நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். புதுசு எழுதும்போது மத்ததை எல்லாம் மாத்திக்கோ, முதல் ரீடிங்கைத் தள்ளுற அந்த வரி மட்டும் அப்படியே இருக்கட்டும்னு சொன்னது நான். எதுக்கு மேடம்னு அப்பவே கேட்டா. "வேணும்"னு மட்டும் சொன்னேன். நான் குரூப் ஹெட், நான் வேணும்னா வேணும், அதுக்கு மேல கேள்வி கிடையாது. இப்போ பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, ரகசியம் பேசுற மாதிரிச் சொல்லுதா. "மேடம், பழசுல நாலு பொத்தானுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர். புதுசுல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி. அது தூங்குறதே இல்லை மேடம், எப்பவும் முழிச்சிருக்கு. மிச்சம்னு ஒண்ணும் ஒட்டாது. முதல்ல வாரதே நெஜம்தான்." ஸ்கிரீன்ல அந்த வரியைத் தேடி எனக்குக் காட்டுதா. "பழைய புரோகிராம் பாக்க மட்டும்தான் செய்யும், திருத்துறது எபினேசர் சார் கை, பீம் விடுறதுக்கு முந்தியே முந்தின நாள் திருத்தத்தைப் போட்டு வச்சுருவாரு. இது பாத்துட்டுத் தானே திருத்தணும். முதல்ல வந்ததை வச்சுத் திருத்தலைன்னா, ரெண்டாவதைப் பாக்குறதுக்கு பீமே இருக்காது மேடம். நாமளே நெஜத்தைத் தூக்கிப்போட்டுட்டுப் பீமைக் காணோம்னு தேடுதோம்."

நாமளே நெஜத்தைத் தூக்கிப்போட்டுட்டு. இவளுக்கு என்ன வயசு இருக்கும், முப்பது இருக்குமா, எவ்வளவு சாதாரணமாச் சொல்லிட்டா. அவ சொன்னது பீமைப் பத்தித்தான், ஆனா என் தலைக்குள்ள அது வேற எங்கயோ போய் விழுந்து உருளுது. அப்போ இத்தனை நாளும்? தினமும் காலையில, "யாரும்மா நீங்க"ன்னு கேட்டது, அதுதான் நெஜமா? அப்புறம் வந்த ஏளாதான் மிச்சமா? காப்பியில சீனி இல்லைன்னதும் நாக்கு தானாச் சொன்ன பழைய வார்த்தை, முந்தி இருந்தது ஒட்டிக்கிட்டு இருந்து வந்தது, அதைப் பிடிச்சுக்கிட்டா நான் ராணி மாதிரித் திரிஞ்சேன்? பயந்துபோய் என்னைப் பாத்த அந்தக் கண்ணைத் தினமும் தூக்கிப்போட்டேன். பாவி, அந்தப் பயத்துக்கு ஒரு நாளாவது பதில் சொன்னேனா? நான் உங்க வடிவுன்னு ஒரு நாளாவது சொன்னேனா? சும்மா திரையை விலக்கிக்கிட்டு நின்னேன், சரியானது வரட்டும்னு. இருக்காது, இல்லை, அப்படி இருக்காது, மனுசன் ஒண்ணும் மெஷின் இல்லை, நஸ்ரின் என்ன டாக்டரா? ஏளான்னு சொன்னப்போ என் முகத்தைப் பாத்துத்தானே சொன்னாங்க. பாத்தாங்களா? டம்ளரைப் பாத்துச் சொன்னாங்களா? ஞாபகப்படுத்திப் பாக்கேன், ஞாபகத்துல டம்ளர்தான் வருது. "மேடம்?" நஸ்ரின் காத்துக்கிட்டு இருக்கா. "அந்த வரியை எடுத்துரவா?" வேண்டாம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எடுத்துரும்மா"ன்னு வந்துச்சு.

ஒரு வரி. அவங்க அதை எழுதின அன்னைக்கு எனக்குப் பக்கத்து நாற்காலி. கத்திரிப்பூக் கலர் சட்டை. எழுதிட்டு, "இனிமே இந்தப் பிள்ளை அழாது"ன்னு எபினேசர்கிட்டச் சொன்னாங்க, எனக்குக் கேக்கணும்னே சத்தமாச் சொன்னாங்க. நஸ்ரின் விரல் ஒரு தட்டுத் தட்டுச்சு, போயிருச்சு. பீம் வருதுன்னாரு எபினேசர். வந்துச்சு. கோணலாத்தான் வந்துச்சு, முதல்ல வந்ததையே வச்சுப் புதுசு தானே திருத்துச்சு, பாத்துக்கிட்டு இருக்கும்போதே கோடு எல்லாம் அடங்கி நடுவுல வந்து நின்னுச்சு. நின்னுக்கிட்டே இருக்கு. பிள்ளைங்க கை தட்டுதுங்க. எபினேசர் மஸ்கோத்து அல்வா டப்பாவைத் திறந்து எல்லாருக்கும் நீட்டுதாரு. "எடுங்க மேடம், நாசரேத்துல இருந்து காலையில வந்தது." எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். இனிப்பு. சந்தோசமாத்தான் இருக்கணும் நான். என் குரூப், என் வேலை, இத்தனை மாசம் உழைச்சிருக்கோம். பழைய ஸ்கிரீனைப் பாத்தேன். அது பாவம், வழக்கம்போல முதல்ல வந்ததைத் தள்ளிட்டு, அதுபாட்டுக்கு ரெண்டாவதுல இருந்து பச்சையாக் காட்டிக்கிட்டு இருக்கு. யாரும் அதைப் பாக்கலை. என் போன் அடிக்குது. அபின்னு நினைச்சு எடுக்காம இருந்தேன், பாத்தா வீடு.

"யக்கா, சார் சாப்பிட மாட்டேங்காங்க"ன்னு செண்பகம் அழாக்குறையாச் சொல்லுதா. "வாசல்ல சேரைப் போட்டு உக்காந்துட்டாங்க, வெயிலு அடிக்கி, உள்ள வாங்கன்னா வரமாட்டேங்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா." கொடுன்னேன். போன் கை மாறுற சத்தம். ரோட்டுல ஆட்டோ போற சத்தம். நான் எழுந்து ஓரமாப் போய்ச் சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டேன்.

"ஹலோ"ன்னாங்க. அதே குரல், அதுல ஒரு மாத்தமும் இல்லை, அதுதான் கொடுமை.

"நான்தான் பேசுதேன்."

"நான்தான்னா, யாருங்க?"

"வடிவு."

வரும்னு நின்னேன். இதோ வந்துரும், ரெண்டாவது வந்துரும்னு போனைக் காதோட அமுக்கிக்கிட்டு நின்னேன்.

"வடிவு ஆபீஸ்ல இருக்காளே"ன்னாங்க. "சாயங்காலம்தான் வருவா. நீங்க அவ கூட வேலை பாக்குறவங்களா?"

சுவத்துல பெயிண்ட் உரிஞ்சிருக்கு ஒரு இடத்துல. அதை நகத்தால சுரண்டுதேன். "ஆமா சார்"னேன். எத்தனை வருசம் ஆச்சு அவங்களைச் சார்னு கூப்பிட்டு. "கண்ட்ரோல் ரூம்ல இருந்துதான் பேசுதேன். புதுசா ஒண்ணு போட்டிருக்கோம் சார் இன்னைக்கு. பீம் வந்துருச்சு."

"அப்படியா!" குரல்ல ஒரு துள்ளல். "நடுவுல நிக்குதா?"

"நிக்குது சார்."

"முதல்ல வாரதை நம்பாதீங்கம்மா. புதுசுன்னா பதட்டமாத்தான் இருக்கும். பொறுமையாப் பாக்கணும்." அப்புறம் அந்த ரூம்ல எல்லாருகிட்டயும் கேப்பாங்களே, அதே தோரணையில கேட்டாங்க. "ரெண்டாவது என்ன?"

என்னத்தைச் சொல்ல. நல்லா இருக்குன்னு சொல்லிருக்கலாம். அந்த மனுசன்கிட்ட நான் ரீடிங்கைப் பொய்யாச் சொன்னதே இல்லை.

"ரெண்டாவதும் அதேதான் சார். மூணாவதும் பாத்தேன். அதேதான்."

"அப்போ அதுதாம்மா நெஜம்"னாங்க. அவ்வளவு கனிவா. "திரும்பத் திரும்ப அதே வந்தா ஒத்துக்கிட வேண்டியதுதான். அதுக்காக அழக் கூடாது. அழுதீங்களா?"

"இல்லை சார்."

"எங்க வீட்டம்மா இப்படித்தான், முதல் நாள் அழுதுட்டா." சிரிக்காங்க. "அவ வரட்டும், நீங்க பேசினீங்கன்னு சொல்லுதேன். அவ வராம நான் சாப்பிடுறது இல்லை, இந்தப் பொண்ணு சொன்னாக் கேக்க மாட்டேங்குது. இப்போ வந்துருவா."

"வந்துருவாங்க சார். நீங்க வெயில்ல இருக்காதீங்க, உள்ள உக்காருங்க."

"இங்க இருந்தாத்தான் அவ வாரது தெரியும்"னு சொல்லிட்டு, போனைச் செண்பகத்துகிட்டக் கொடுத்துட்டாங்க.

கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் திரும்பினா நஸ்ரின் அல்வாவைக் கையில வச்சுக்கிட்டு நிக்கா. "யாரு மேடம்?"ன்னா. "இந்தப் பழைய புரோகிராமை எழுதினவங்க"ன்னேன். அவளுக்கு விளங்கிருச்சு, என் தோள்ல கையை வச்சுட்டு எடுத்துட்டா. எபினேசர் பழைய பெட்டி பக்கத்துல போய் நின்னு, "மேடம், அட்டவணைப்படி இதை இப்போ நிறுத்தணும், நிறுத்திரவா?"ன்னு கேக்காரு. நிறுத்துங்கன்னேன். பச்சை எழுத்து சுருங்கி ஒரு புள்ளியா நின்னு, அப்புறம் இல்லை. பின்னால ஃபேன் மட்டும் கொஞ்சம் சுத்திட்டு அடங்குச்சு. அபிக்குப் போன் பண்ணணும். பொய் சொல்லப் போறது இல்லை, அவங்களே சொல்லிட்டாங்க ஒத்துக்கிட வேண்டியதுதான்னு. அபி, அப்பாவுக்கு என்னைத் தெரியலைடி. அதைச் சொல்லிருவேன். சொன்ன உடனே அவ டிக்கெட் போடவான்னு கேப்பா, நான் சொன்ன வார்த்தைதானே. கேக்கட்டும். என்னைத்தான் தெரியலை, வடிவைத் தெரியுது, அவ ஆபீஸ்ல இருக்கான்னு தெரியுது, சாயங்காலம் வருவான்னு தெரியுது. வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்குற ஆளைத் தூக்கிக் கோயம்புத்தூர் தோட்டத்துல உக்கார வச்சா, அங்க எந்த வாசலைப் பாப்பாங்க? நான் போட்ட லிமிட், நானே எடுத்துருவேன். எடுத்து என்ன, போய் நின்னா யாரும்மா நீங்கன்னுதான் கேக்கப்போறாங்க. கேக்கட்டும். இனிமே திரையை விலக்கிக்கிட்டு நிக்க மாட்டேன், கேக்குறப்போ எல்லாம் பதில் சொல்லுவேன். வடிவு கூட வேலை பாக்குறவன்னு சொல்லுவேன், அவ வர நேரமாகும், உங்களைச் சாப்பிடச் சொன்னான்னு சொல்லுவேன். பையைத் தேடி எடுத்தேன். மிக்ஸியில சட்னி கெட்டுப்போயிருக்கும், வேற அரைக்கணும்.

"என்ன மேடம், கிளம்பிட்டீங்க, டைரக்டர் மூணு மணிக்கு வந்து பாப்பாரே"ங்காரு எபினேசர்.

"நஸ்ரின் காட்டுவா, அவ எழுதினதுதானே. நான் போகணும் எபினேசர். நான் வருவேன்னு வீட்டுல சாப்பிடாம உக்காந்திருக்காங்க."